ஏழு வண்டிக்கு வழிகாட்டியவன்

சாலையில் எனக்கு முன்னால் போகிற எவனையும் எனக்குப் பிடிக்காது. அவன் மெதுவாகப் போனால் சோம்பேறி. வேகமாகப் போனால் திமிர் பிடித்தவன். என் வேகத்திலேயே போனால் என்னைக் கிண்டல் செய்கிறான். இந்த வியாதி எனக்குப் பத்தொன்பதாம் வயதில், கார் ஓட்டவே தெரியாத காலத்தில் வந்தது. (ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் அடுத்தவன் ஓட்டுவதில் உள்ள குற்றமெல்லாம் பளிச்சென்று தெரியும்.) வந்த முதல் நாளே அது என் அக்கா கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்திய கதை. எங்கள் ஊர் திருமங்கலத்துக்கு மதுரைப் பக்கம் உள்ள ஒரு சின்னக் கிராமம். அக்கா வள்ளிக்கு டி. கல்லுப்பட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை தங்கமானவர். அவருடைய அம்மாவும் தங்கம்தான், ஆனால் உரசிப் பார்க்க யாருக்கும் தைரியம் கிடையாது. அந்த அம்மாள் இரண்டே நிபந்தனை வைத்தார். ஓரகத்தி மகன் கல்யாணத்துக்கு மோட்டாரில் வந்து இறங்கினானாம், அதனால் தன் மகனுக்கும் மாப்பிள்ளை அழைப்பு மோட்டாரில்தான் நடக்க வேண்டும். இரண்டாவது, ஊர்வலம் முடிந்து மகன் இறங்கிய நிமிஷம் பந்தியில் இலை விழுந்திருக்க வேண்டும். போன வருஷம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் சோறு தாமதமானதற்காக, கூட்டி வந்த அறுபது பேரையும் வண்டியேற்றித் திரும்பிப் போனவர் அவர். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை.

மதுரையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த எனக்கு மோட்டார் கொண்டு வரும் பொறுப்பு. மதுரையிலிருந்தே சமையல் சாமான் அனுப்பும் பொறுப்பு மாமாவுக்கு. "மாப்ள, அண்டா குண்டா, அரிசி பருப்பு, சமையக்காரங்க எல்லாம் ஏழு வண்டியில முந்தின நாள் பொழுது சாயவே கெளம்பிரும். நீ மோட்டார மட்டும் பாரு" என்று மாமா சொல்லியிருந்தார். நானும் மோட்டாரை மட்டும் பார்த்தேன். அதுதான் வினை.

மதுரை சிம்மக்கல்லில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர் அப்பாவுக்கு நெடுநாள் சிநேகிதர். காரைத் துடைத்து, மாலை போட்டு, டிரைவர் காதர் அண்ணனோடு அனுப்பினார். ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கப் போகிறவன் என்பதால் நானும் என்னைத் துடைத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், விடுதியில் பக்கத்து அறைக்காரனிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் அவனுடைய வெள்ளைப் புள்ளி போட்ட கறுப்பு டை. டை சற்று நீளம். எனக்குக் கட்டத் தெரியாததால் இன்னும் கொஞ்சம் நீளமாகித் தொப்புள் வரைக்கும் தொங்கியது.

காதர் அண்ணன் உத்தமமான மனிதர். ஆனால் அவர் கார் ஓட்டுவதைப் பார்த்தால் காரை ஓட்டுகிறாரா, காருக்குத் துணையாகக் கூடப் போகிறாரா என்று சந்தேகம் வரும். எதிரே ஆடு வந்தால் நிறுத்துவார். ஆடு போன பிறகு, பின்னால் குட்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். தெரிந்தவர் எதிர்ப்பட்டால் நிறுத்தி ஸலாம் சொல்வார். சிம்மக்கல்லிலிருந்து ஊர் எல்லைக்குள் அவருக்குத் தெரியாதவர் ஒருவரும் இல்லை. ரப்பர் பந்து வைத்த ஹாரன் ஒன்று அவர் கையருகே இருந்தது. அதை அவர் தொடவே இல்லை.

பசுமலை தாண்டியதும் வந்தது சோதனை. அந்தக் காலத்தில் நடுவில் மட்டும்தான் கப்பி ரோடு, இரண்டு பக்கமும் புழுதி மண். எதிர்த் திசையில் மதுரைக்குப் பருத்திப் பொதி ஏற்றிய வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. எங்கள் பக்கம் முன்னால் பாய் போட்டு மூடிய வண்டிகள், ஏழோ எட்டோ, ஒன்றன் வால் ஒன்றைத் தொடுகிற மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தன. முந்த வழியில்லை. புழுதி முழுக்க என் வெள்ளைச் சட்டையில்.

"அண்ணே, ஹாரன அடிங்க."

"அடிக்கக் கூடாது தம்பி. மாடு மிரண்டா வண்டி குடை சாஞ்சுரும்."

"வண்டிக்காரன் என்ன செய்றான்?"

"தூங்குறான். ராத்திரி பூரா பாரம் ஏத்திருப்பான் பாவம். மாட்டுக்குத் தடம் தெரியும். மொத மாடு போற பக்கம் மத்த மாடெல்லாம் போயிரும்." காதைத் தீட்டிக் கேட்டார். "அண்டா சத்தம் கேக்குது. யார் வீட்டுக் கல்யாணமோ? அல்லா புண்ணியத்துல நல்லா நடக்கட்டும்."

"எவன் வீட்டுக் கல்யாணமா இருந்தா நமக்கென்ன? நம்ம வீட்டுக் கல்யாணம் நிக்கிது!" என்றேன். இப்படிப்பட்ட வாக்கியங்களைச் சொல்வதற்கென்றே சிலர் பிறக்கிறார்கள்.

ஒரு மைல் தூரம் அந்தப் புழுதியைத் தின்ற பிறகு காதர் அண்ணன் ஒரு புளியமரத்தடியில் காரை நிறுத்தினார். "லுகர் நேரமாச்சு தம்பி. தொழுதுட்டு வாரேன். அதுக்குள்ள அவங்களும் கொஞ்சம் முன்னால போயிருவாங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்ச் செம்போடு ஓடைப் பக்கம் போனார்.

முன்னால் போவார்களாம்! எவ்வளவு முன்னால்? கால் மைல். திரும்பக் காரை எடுத்து ஐந்து நிமிஷத்தில் அதே வால், அதே புழுதி. என் ரத்தம் கொதித்தது. அப்போதுதான் வலது கைப் பக்கமாகச் சமணர் மலையைப் பார்த்து ஒரு மண் தடம் பிரிவதும், அதன் முகப்பில் நல்ல நிழல் இருப்பதும் கண்ணில் பட்டன. மொத மாடு போற பக்கம் மத்த மாடெல்லாம் போயிரும் என்று காதர் அண்ணனே சொல்லியிருக்கிறாரே!

இறங்கி ஓடினேன். ஓடக்கூட வேண்டியதில்லை, நடந்தாலே அந்த வண்டிகளை முந்தலாம். (காரில் உட்கார்ந்து முந்த முடியாதவற்றை நடந்து முந்தியதில் ஏதோ பாடம் இருந்தது. எனக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை.) முதல் வண்டிக்காரன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். காலேஜில் படித்தது எதுவும் அங்கே உதவவில்லை. சம்சாரி மகனாகப் பிறந்து மாடு ஓட்டிப் பழகியது உதவியது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, எதிரே பருத்தி வண்டிகள் இடைவெளி விட்ட சமயம் பார்த்து, 'பா, பா' என்று நைசாகத் திருப்பினேன். மாடு ஒரு கேள்வி கேட்கவில்லை. பின்னால் ஆறு ஜோடியும் அப்படியே திரும்பின; உள்ளே படுத்திருந்தவர்களின் குறட்டைகூடக் கலையவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நிழலில் பத்து நிமிஷம் நிறுத்திவைப்பதுதான் என் எண்ணம். ஆனால் கடைசி வண்டியும் உள்ளே திரும்பிய சந்தோஷத்தில், அதன் மாட்டின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினேன். அது முன் வண்டியை முட்ட, முன் வண்டி அதற்கு முன் வண்டியை நெருக்க, தண்ணீர் வாசனை வேறு அடித்ததோ என்னவோ, ஏழு வண்டியும் மலையைப் பார்த்து நடையைக் கட்டின.

காதர் அண்ணன் திரும்பி வந்து வெறும் ரோட்டைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "வண்டியெல்லாம் எங்க தம்பி?"

"ஒதுங்கிட்டாங்கண்ணே."

"பாத்தீங்களா? ஹாரனே அடிக்கல. நல்ல மனுசங்க" என்றார்.

ஊருக்குள் நுழைந்தபோது ராஜா மாதிரி இருந்தது. அப்பா பந்தல் வாசலிலேயே நின்றிருந்தார். காரை அவர் பார்க்கவே இல்லை. காருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"சமையல் வண்டி எங்கடா?"

"நேத்தே வந்திருக்கணுமே!"

"நேத்து பாரம் ஏத்த லேட்டாயி இன்னைக்குக் காலையிலதான் கெளம்புச்சாம். ஒங்க மாமா சைக்கிள்ல ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிருக்காரு. வழியில பாத்திருப்பியே, ஏழு வண்டி, பாய் போட்டு மூடுனது."

"பாத்த மாதிரி இருக்குப்பா" என்றேன். அது பொய்யில்லை.

அப்பா ஆளுக்கொரு திசையாக ஆள் அனுப்பினார். மலைப் பக்கமும் ஒருத்தரை அனுப்பலாம் என்று நான் சொன்னேன். "ஒனக்குக் கிறுக்காடா?" என்றார். நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் எண்பது பேர் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா இறங்கிய உடனே மூக்கை உறிஞ்சினார். கல்யாண வீட்டில் தாளிப்பு வாசனை இல்லை என்பது அந்த மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே அக்கா பட்டுச் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இவுக திரும்பிப் போயிருவாகளாடா?" என்று கேட்டாள். எப்போதும் என்னைக் கேலி செய்து சிரிக்கிற அக்கா அன்று சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நேரே காதர் அண்ணனிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் திட்டவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "ஒதுங்கிட்டாங்கன்னு சொன்னீங்களே தம்பி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம்.

"அண்ணே, ஊர்வலம் முடிஞ்சாத்தான் பந்தி. வண்டி வர்ற வரைக்கும் ஊர்வலம் முடியக் கூடாது. எம்புட்டு மெதுவா ஓட்ட முடியும்?"

"மெதுவாவா?" காதர் அண்ணன் முகத்தில் முதல் தடவையாக ஒரு கர்வம் தெரிந்தது. "அது நமக்கு வரும் தம்பி."

ஊர்வலம் புறப்பட்டது. நான் காரின் பக்கவாட்டுப் படியில் தொற்றிக்கொண்டு நின்றேன். மேளக்காரர் இரண்டு தடவை காரைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். நாயனக்காரர் தெரிந்த ராகமெல்லாம் தீர்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். எங்கள் ஊரில் தெரு மொத்தமே மூன்று. அதை நாலு தடவை சுற்றினோம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காதர் அண்ணன் நிறுத்தி நலம் விசாரித்தார். நானோ குனிந்து, "அண்ணே, இன்னும் மெதுவா, இன்னும் மெதுவா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் அதே வாயால் நான் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது.

விளக்கு வைக்கிற நேரம். மாப்பிள்ளையின் அம்மா காருக்கு முன்னால் வந்து நின்று, "ஊர்வலமா இது, ஊரக் காவல் காக்குறீகளா? போதும், எறக்குங்க எம் மகன!" என்றார். அப்பா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்துப் பின்னால் இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏய் மோட்டாரு! ஒதுங்குய்யா! பொழுதன்னைக்கும் உருட்டிக்கிட்டு! பின்னால வண்டி வருதுல்ல!"

ஏழு வண்டி. முதல் வண்டியிலிருந்து குதித்து, சாட்டைக் கம்போடு சண்டைக்கு வந்தான், மத்தியானம் வாய் பிளந்து தூங்கிய அதே வண்டிக்காரன். பெயர் மொக்கையன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் படிமேல் நின்ற என்னைப் பார்த்தான். கையிலிருந்த கம்பு நழுவியது.

"சாமீ!" என்று அலறியபடி நெடுஞ்சாண்கிடையாக என் காலடியில் விழுந்தான்.

மேளம் நின்றது. "தூக்கமும் முழிப்புமா இருந்தேனுங்க" என்று விழுந்தபடியே சொன்னான் மொக்கையன். "வெள்ளை உடுப்பு, கண்ணு ரெண்டும் கறுகறுன்னு, கழுத்துல புள்ளிப் பாம்பு! மாட்ட ஒரு பேச்சுப் பேசாம கூட்டிக்கிட்டுப் போச்சு. முழிச்சுப் பாத்தா கீழக்குயில்குடி மலையடி, கருப்பு கோயில் வாசல்! இருவத்தோரு தேங்காய ஒடைச்சு, தப்ப மன்னிச்சுருன்னு கும்புட்ட பெறகுதாங்க மாடு திரும்புச்சு!"

எல்லோரும் என் டையைப் பார்த்தார்கள். அப்பாவும் பார்த்தார். மெதுவாக டையின் நுனியிலிருந்து முடிச்சு வரைக்கும் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது. பொய் சொன்னவனுக்குச் சோறு போடாதவர் என் அப்பா. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இவன் மத்தியானம் பூரா எங்கண்ணு முன்னாலதான் நின்னான். வந்தது சாமிதான். இவன் உருவத்துல வந்திருக்கு."

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "எங்க குலசாமியே கருப்புதான்! எம் மகன் கல்யாணச் சாமானக் கோயிலுக்கே கூப்புட்டுப் பாத்திருக்கு. சோறு எப்ப வெந்தா என்ன, வேகட்டும்!" என்றார். பந்தி போட இரண்டு மணி நேரமானது. ஒருவரும் நகரவில்லை. மொக்கையன் கதையை மூன்று தடவை சொன்னான், ஒவ்வொரு தடவையும் என் கழுத்துப் பாம்பு ஒரு முழம் வளர்ந்தது. மறுநாள் விருந்தில் தேங்காய் இல்லாத கூட்டை எல்லோரும் பிரசாதம் என்று சாப்பிட்டார்கள்.

அப்பா அந்த டையை வாங்கி அடுப்பில் போட்டார். பக்கத்து அறைக்காரனுக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் அக்காவுக்கு மகன் பிறந்தான். பாட்டியம்மாள் யாரையும் கேட்காமல் கருப்பசாமி என்று பெயர் வைத்தார். அந்த அம்மாள் காலமான பிறகுதான், நான் முன்பே ஒப்புக்கொண்டிருந்த உண்மையை அக்கா அவனிடம் சொன்னாள். வருஷா வருஷம் குடும்பத்தோடு கீழக்குயில்குடிக்குப் போய் இருபத்தோரு தேங்காய் உடைக்கிறோம். இப்போது கார் என்னுடையது, ஓட்டுவதும் நானே. பூசாரி தட்டைக் கொண்டுவந்தால், "மொதல்ல நடமாடுற சாமிக்குக் காட்டுங்க" என்று அக்கா என் பக்கம் கை காட்டுவாள். போன வருஷம் திரும்பி வரும்போது முன்னால் ஒரு வைக்கோல் வண்டி, வழி விடவே இல்லை. நான் ஒரு வார்த்தை பேசாமல் பின்னாலேயே ஊர்ந்தேன். என்ஜின் சூடாகிவிட்டதே, தண்ணீர் ஊற்றலாம் என்று ஓரமாக நிறுத்திக் கதவைத் திறந்தேன்.

கருப்பசாமி எட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "மாமா, நீங்க உக்காருங்க. தண்ணிய நான் ஊத்துறேன். முன்னால மாடு போகுது."