விற்பனைக்கு இல்லாத நைட்டிகள்

"இது இன்னா வெல நைனா?"

டெரிக்குக்குப் பகீரென்றது. கேட்டவள் முத்தம்மா, ஊரூர் குப்பத்திலிருந்து தெருத்தெருவாக மீன் விற்க வருபவள். கூடையை வாசலில் இறக்கிவிட்டு, அவனுடைய கலைப்படைப்பின் கையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படைப்பு லேசுப்பட்டதில்லை. அடையாற்றில் ஒரு பழைய பங்களாவின் கூடத்தில் கொடி கட்டி, வரிசையாக நைட்டிகளைத் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொன்றிலும் கொட்டை எழுத்தில் ஒரு வாசகம். 'பாத்திரம் தேய்க்க மீசை தடையில்லை.' 'என்னை விலை பேசாதே.' 'தள்ளுபடி வேண்டாம், சரிபாதி வேண்டும்.' வாங்கிக் குவிக்கும் வெறிக்கு ஒரு குட்டு, ஆணாதிக்கத்துக்கு ஒரு குட்டு.

பெருங்குடியில் ஒரு கம்பெனி தன் வரவேற்பறையில் வைக்கக் கலைப்படைப்பு தேடிக்கொண்டிருந்தது. தேர்ந்தெடுக்கும் டயானா மேடம் இன்னும் சற்று நேரத்தில் வந்துவிடுவார். அவர் தலையசைத்தால் டெரிக் கலைஞன். இல்லாவிட்டால் பழையபடி மாமனாரின் ஜெராக்ஸ் கடைதான்.

தப்பு அவன்மேல்தான். வாசலில் 'கண்காட்சி' என்று பேனர் கட்டியிருந்தான். ஆடி மாதம், சென்னை, பங்களா, கண்காட்சி. துணி விற்பனை என்று நினைக்காமல் வேறு என்னத்தை நினைப்பார்கள், பாவம்!

"விக்கறதுக்கில்லக்கா. இது கலை."

"கலையோ கிலையோ, வெலய சொல்லு."

அவசரமாக ஓர் அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிக் கொடியில் மாட்டினான். அதற்குள் உள்ளே வந்துவிட்ட பக்கத்துத் தெரு எஸ்தர் டீச்சர் அதைப் படித்துவிட்டு, கூட வந்த தோழியின் விலாவில் இடித்தார்.

"பாத்தியா, நல்லதையெல்லாம் வேண்டியவங்களுக்கு எடுத்து வச்சிட்டான்!"

"ஐயோ டீச்சர், இதெல்லாம் சாயம் போகும், தையல் கோணல்," என்று புளுகினான் டெரிக்.

"ஓ, எக்ஸ்போர்ட்ல கழிச்சுவிட்ட செகண்ட்ஸா?" டீச்சரின் முகம் பிரகாசமானது. போனை எடுத்தார். "ஏய், சர்ச் குரூப்ல போடு. எக்ஸ்போர்ட் செகண்ட்ஸ், சீக்கிரம் வாங்கன்னு."

கால் மணி நேரத்தில் கூடம் கொள்ளவில்லை. டெரிக் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினான். "ஒண்ணு பத்தாயிரம் ரூபாய்!"

முத்தம்மா சிரித்தாள்.

"பத்தாயிரம் சொல்றான்னா முந்நூறுக்குத் தருவான். தி.நகர்ல நான் பாக்காத வெலயா?"

கேட்டைச் சாத்தினான். சாத்திய கேட்டைப் பார்த்ததும், உள்ளே ஏதோ மலிவு என்று தெருவில் போன ஆட்டோக்களெல்லாம் நின்றன. 'என்னை விலை பேசாதே'யை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு விலை பேசினார்கள். 'சரிபாதி'யை எஸ்தர் டீச்சர் பாதி விலைக்குக் கேட்டார்.

"அக்கா, அத விடுங்க. உங்களுக்குப் பத்தாது!" என்று தடுத்தான் டெரிக்.

"பத்தாங்காட்டி இன்னா? எனக்கு இதான் வோணும்," என்று முத்தம்மா 'மீசை' நைட்டியை உருவிக்கொண்டாள்.

அவன் சட்டைப்பையில் நோட்டுகளைத் திணித்துவிட்டு எல்லோரும் கலைந்தார்கள். டயானா மேடம் வந்தபோது வெறும் கொடியும் கிளிப்புகளும்தான் ஆடிக்கொண்டிருந்தன.

டெரிக் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "துணின்னு நெனச்சிட்டாங்க மேடம்."

"அப்போ வாசகத்தை ஒருத்தர்கூடப் படிக்கல," என்றார் டயானா. "மனுஷங்களத் தொடாத எழுத்தை ஆபீஸ்ல மாட்டி நான் என்ன பண்றது? சாரி தம்பி."

அவர் கிளம்பப் போனார். வாசலை மறித்துக்கொண்டு முத்தம்மா நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் எஸ்தர் டீச்சரும், சர்ச் கூட்டம் மொத்தமும். எல்லோர் கையிலும் நைட்டி.

டெரிக் இரண்டு கைகளையும் விரித்தான். "மாத்திக் குடுக்க வேற இல்லக்கா. சத்தியமா இல்ல."

"மாத்தறதுக்கு யாருய்யா வந்தது? நைட்டி எங்க வூட்லயே மூட்டையா கெடக்குது. இந்த எழுத்த மட்டும் கத்திரிச்சி, ஃபிரேம் போட்டுக் குடு நைனா. பாத்திரம் தேய்க்கற எடத்துல, எங்க வூட்டுக்காரு மூஞ்சிக்கு நேரா மாட்டணும்."