லுத்தோவுக்கு ஒரு விரோதி வேண்டும்

எங்கள் தெருவில் யார் பிழைப்பார்கள் என்பதை ஆஸ்திரேலியாவின் மேற்கு மூலையில் இருக்கும் ஒரு மாநிலச் சட்டசபையின் வழக்கப்படி தீர்மானிக்கிற ஒரே மனிதர், உலகத்திலேயே எங்கள் லுத்தோ ஒருவர்தான். சிரிக்காதீர்கள். நானும் பல வருஷம் சிரித்தவன்தான். இந்த விஷயம் அந்தச் சட்டசபை உறுப்பினர்களுக்கே தெரியாது.

லுத்தோ என்றால் பர்மியில் சட்டசபை. ராணுவம் ஆளும் இந்தக் காலத்தில், ரங்கூன் என்ற எங்கள் யாங்கோனில், அந்தச் சொல்லை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஆனால் ஒரு மனிதருக்கு அதுவே பட்டப்பெயராகிவிட்டால் என்ன செய்வது? கீழே டீக்கடையிலிருந்து ஆறாவது மாடியைப் பார்த்து "ஓய் லுத்தோ!" என்று கத்தத்தான் வேண்டியிருக்கிறது. கத்திவிட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொள்வோம்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். மனைவி இல்லை. மகள் பெர்த் நகரத்தில் நர்ஸ். அவளைப் பார்க்கப் போன இடத்தில்தான் எல்லாம் ஆரம்பித்தது. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் பேச ஆளில்லை. வெயிலோ வேர்க்கவும் விடாமல் நேராகச் சுடுகிற வெயிலாம். குளுகுளுவென்று, காசு கேட்காமல், உட்கார்ந்து வேடிக்கை பார்க்க ஓர் இடம் தேடி அலைந்தவர் மாநிலச் சட்டசபையின் பார்வையாளர் மாடத்தில் போய் விழுந்தார். சபை கூடிய நாளெல்லாம் எங்கள் ஊர் லுங்கியான லோஞ்சியைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இவர் ஏதோ தூதரகத்துப் பெரிய மனிதர் என்று நினைத்து வாசலில் இருந்த காவலர் தினமும் தலைகுனிந்து வணக்கம் சொன்னாராம்.

திரும்பி வந்தவர் வேறு ஆள். செவ்வாய், புதன், வியாழன் மதியம் ஆனால் போதும், ஃபோனில் அந்தச் சபையின் நேரலை. தெருவே மின்சாரமில்லாமல் அடங்கிக் கிடக்கும். ஆறாவது மாடியிலிருந்து மட்டும் "ஆர்டர், ஆர்டர்" என்று சபாநாயகர் யாரையோ அதட்டுவது கேட்கும். அங்கே உறுப்பினர்களைத் தொகுதியின் பெயரால்தான் குறிப்பிடுவார்கள் என்பதால், இவரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். நான் "மூணாவது மாடி உறுப்பினர்". டீக்கடை நடத்தும் டோ மீனா "நடைபாதை உறுப்பினர்". (டோ, கோ என்பதெல்லாம் இங்கே பெயருக்கு முன்னால் வைக்கிற மரியாதை.) அந்த அம்மாளுக்கு அப்பா தமிழர், அம்மா பர்மியர், வாய் மட்டும் இரண்டு பேருக்கும் சேர்த்து.

"என் பேரு மீனா. பேரைச் சொன்னா உம்ம வாய் வெந்துருமா?"

"பேரு சொந்த விஷயம். சபையில தொகுதிதான் பேசும், அம்மா."

இது வரைக்கும் தமாஷ்தான். முதல் நடுக்கம் வந்தது இரண்டாவது மாடி கோ ரவியால். டாக்சி ஓட்டுகிறவர். டெங்கு வந்து, நினைவு தப்புகிற நிலையில் அவரை ஒரு நாற்காலியில் வைத்துப் படிக்கட்டில் இறக்கிக்கொண்டிருந்தோம். லுத்தோ குறுக்கே வந்து நின்றார்.

"ஏய், உன் டாக்சி ஹாரன் இருக்கே, அது மனுஷன் அடிக்கிற ஹாரனா?"

"சயா... எனக்குக் காய்ச்சல்..."

"காய்ச்சல் வேற, ஹாரன் வேற. பதில் சொல்லு!"

"போய்யா கிழவா!" என்றார் ரவி, உடம்பில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் திரட்டி.

லுத்தோவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதான். நீயும் நானும் இனி எதிரெதிர்க் கட்சி. நான் உள்ள போறேன்."

எங்களுக்கு வந்த கோபத்தில் அவரையும் நாற்காலியில் கட்டி அனுப்பியிருப்போம். டோ மீனா கையைப் பிடித்து இழுத்து நியாயம் கேட்டாள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்.

"அங்க ஒரு பழக்கம் இருக்கு. ஒரு கட்சி உறுப்பினர் சீக்குல விழுந்துட்டா, எதிர்க்கட்சியில ஒருத்தரும் ஓட்டுப் போடாம வெளிய நின்னுக்குவாரு. ஜோடி சேர்றதுன்னு பேரு. காலையில கழுத்து நரம்பு புடைக்கத் திட்டிக்கிட்டவங்கதான். ஆனா படுத்தவன் எழுந்து வர்ற வரைக்கும் கணக்கு மாறக் கூடாது."

"அது ஓட்டுக்கு. இங்க என்ன ஓட்டு?" என்றேன் நான்.

"ஒருத்தன் மட்டும் இல்லேன்னா தெரு அவனை விட்டுட்டு நடந்துரும், மூணாவது மாடி. எதிரும் புதிருமா ரெண்டு பேர் இல்லேன்னா, நின்னு காத்திருக்கும். கூட்டாளி போய் உக்காந்தா செல்லாது. விரோதிதான் உக்காரணும்."

சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் ஊரில் எல்லா மாடியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். பேப்பரோ, மொஹிங்கா நூடுல்ஸ் பொட்டலமோ, கீழேயிருந்து மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ளலாம். டோ மீனா மனசு கேட்காமல் தினமும் டீயைப் பையில் கட்டி ஏற்றினாள். தினமும் அது அப்படியே, ஆறிப்போய், திரும்பி இறங்கியது. மனிதர் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தொடவில்லை.

ஒரு மதியம், டீக்கடையில் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது, காற்றே இல்லாத தெருவில் அந்த ஒரு கயிறு மட்டும் ஆட ஆரம்பித்தது. டோ மீனா ஓடிப்போய் டீயை மாட்டினாள். கயிறு வேகமாக மேலே போயிற்று. கொஞ்ச நேரத்தில் காலிப் பை இறங்கியது. சாயங்காலம் ரவியின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, "மத்தியானம்தான் கண்ணைத் திறந்தாரு, டீ வேணும்னாரு" என்றாள். டீக்கடையில் எல்லாரும் ஆறாவது மாடியை அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் "தற்செயல்" என்றேன். எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

அதற்கப்புறம் தெருவில் யாருக்குத் தலைவலி வந்தாலும், லுத்தோ சண்டைக்கு வந்துவிடுவாரோ என்று பயந்தார்கள். வராவிட்டால் அதைவிட அதிகமாகப் பயந்தார்கள். டோ மீனாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் படுத்தபோது, அவளே ஆள் அனுப்பி அவரை வரவழைத்து, "உம்ம மூஞ்சி எனக்குப் பிடிக்கலே" என்று முந்திக்கொண்டாள். "எனக்கும் உங்க டீ பிடிக்கலே, கழுநீர்" என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

அந்த வாரம் ஒரு பகல் நான் காய்கறிப் பையோடு படி ஏறிக்கொண்டிருந்தேன். கீழே டோ மீனா இருமினாள். மேலே ஆறாவது மாடியில் ஓர் இருமல். கீழே இரண்டு. மேலே இரண்டு. அவருக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நான் நடுவில் நின்றேன். பையிலிருந்த கத்தரிக்காய் படியில் உருண்டதைக்கூடப் பொறுக்கவில்லை.

அதே வாரம் வாசலில் இருந்த ஜெனரேட்டர் புகைந்தது. தீ, தீ என்று கட்டடமே கீழே ஓடியது. லுத்தோவைக் கூப்பிட நான் மேலே ஓடினேன். கதவைத் திறந்தார். "வாரும்யா, வெந்து சாகப் போறீரா?" என்று கையைப் பிடித்து இழுத்தேன். ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தார். அவ்வளவுதான், கீழேயிருந்து டோ மீனாவின் தங்கை "அக்கா மூச்சு விடலே!" என்று அலறியது ஆறு மாடிக்கும் கேட்டது. லுத்தோ என்னைப் பார்த்தார். மெதுவாகக் காலை உள்ளே எடுத்தார். கீழே ஓர் இருமல் கேட்டது. ஓர் இருமலைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டவன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

புகை அடங்கியது. டோ மீனா தேறினாள். நான் டீக்கடையில் உட்கார்ந்து, தற்செயல், மனப்பிரமை, மாத்திரை வேலை செய்தது என்று பழைய பாட்டையே பாடினேன். பைத்தியக்காரத்தனம் என்று லுத்தோவின் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவர் ஒரு நாளும் கோபித்ததில்லை. "எதிர்க்கட்சின்னா இப்படி இருக்கணும்" என்று மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்படுவார்.

போன மாதம் தண்ணீர்க் குடத்தோடு படி ஏறும்போது லுத்தோ விழுந்துவிட்டார். தலையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது, கண் திறந்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். பெர்த்திலிருந்து மகளால் உடனே கிளம்பி வர முடியவில்லை. ஃபோனில் அழுதுகொண்டே இருந்தாள். அன்று டீக்கடையில் எங்கள் கட்டடத்தின் முதல் அவசரக் கூட்டம் நடந்தது. யார் ஜோடி சேர்வது?

"நான் விரோதிதான்" என்றாள் டோ மீனா. "என் டீயைக் கழுநீர்னு சொன்ன ஆளு."

"நீ தினம் அவருக்குப் பாலாடை எடுத்து வெப்பியே. செல்லாது" என்றார் கோ ரவி.

"அப்ப நீர் உக்காரும்."

"எனக்கு உயிரைக் குடுத்த மனுஷன். நான் எப்படி விரோதி ஆவேன்?" என்று ரவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான்காவது மாடிக்காரர், தண்ணீர் மோட்டார் விஷயமாக ஒரு தடவை சண்டை போட்டேன் என்றார். அன்று ராத்திரியே மன்னிப்புக் கேட்டது எல்லாருக்கும் தெரியும் என்று தள்ளுபடி செய்தார்கள். தெரு முழுக்கத் தேடியும் அந்த மனிதருக்கு ஒரு விரோதி கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன்.

இப்போது என் வீட்டு வாசலைத் தாண்டாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி தேவிதான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறாள். முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. தலையின் இடது பக்கம், நான் எங்கேயும் இடித்துக்கொள்ளாத இடத்தில், விண்விண்ணென்று வலித்தது. அதெல்லாம் கவலை என்று வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை மதியம் ஆறாவது மாடியிலிருந்து "ஆர்டர், ஆர்டர்" என்று கேட்டதே, அதை என்னவென்று வைத்துக்கொள்வது? அவர் வீடு பூட்டியிருக்கிறது. சாவி என் மேஜை மேல் இருக்கிறது. அவருடைய ஃபோன் ஆஸ்பத்திரியில், அணைத்து, தலையணைக்கு அடியில் இருக்கிறது. கட்டடத்தில் மின்சாரமே இல்லை. புதனும் கேட்டது. வியாழனும் கேட்டது. வெள்ளிக்கிழமை நிசப்தம். வெள்ளிக்கிழமை சபை கூடாது.

மேலே போய்ப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். பகுத்தறிவுள்ளவன் போய்ப் பார்ப்பான். நான் செருப்பைக்கூட மாட்டினேன். வாசற்படியைப் பார்த்தேன். அந்த மனிதர் அன்றைக்கு உள்ளே எடுத்துக்கொண்ட கால் ஞாபகத்துக்கு வந்தது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, உட்கார்ந்து அழுதேன்.

நேற்று தேவி படியில் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது.

"கண்ணைத் திறந்துட்டாரு! பேச்சு குளறுது. 'யாரு ஜோடி?'ன்னு கேட்டாரு. நீங்கன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'சரியான ஆளு. அவனுக்கு என்னைக் கண்டாலே ஆகாது'ன்னு சொல்லிட்டு நிம்மதியாத் தூங்கிட்டாரு."

டாக்டர் இன்னும் சில வாரம் ஆகும், ஆபத்து முழுதாக நீங்கவில்லை என்கிறார். "கிழவனைச் சீக்கிரம் வரச் சொல்லு, சண்டை பாக்கி இருக்குன்னு சொல்லு" என்றேன் தேவியிடம். கரகரவென்று வந்த குரலைக் கோபம் என்று அவள் எடுத்துக்கொண்டிருந்தால் நல்லது.

இந்தப் பத்திரிகை எங்கள் தெருவுக்கும் வரும், அந்த ஆஸ்பத்திரிக்கும் போகும். படிக்கிறவர்கள் தயவு செய்து இந்தப் பக்கத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டிவிடாதீர்கள். அவரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துவிட்டால், ஜோடி செல்லாமல் போய்விடும்.