திண்டுக்கல் பூட்டும் சிங்கப்பூர்க் கதவும்

கோட்டை மாரியம்மன் துணை

குளுவாங், ஜோகூர்
ஆடி மாதம், 1956

திண்டுக்கல் பூட்டுப் பட்டறை முதலாளியும், என் தங்கை பொன்னழகின் கணவருமான மாப்பிள்ளை இருளப்பன் அவர்களுக்கு, ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி சுருளிவேல் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அம்மன் புண்ணியத்தில் நான் நலம். தாங்களும் பொன்னழகும் பிள்ளைகள் இரண்டு பேரும் நலம் என்றும், பட்டறையில் உலை அணையாமல் எரிகிறது என்றும் நம்புகிறேன். என் மனைவி பழனியம்மாளும் அங்கே சுகமாக இருப்பாள். அவளுக்குத் தனியாக எழுதுகிறேன், அல்லது எழுத நினைத்திருக்கிறேன்.

நிற்க. பட்டறையை விற்றுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, ஆவணி பிறந்ததும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சிங்கப்பூர் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். “நீங்க ஒரு தடவை போய்ப் பாத்து உள்ளதை எழுதுங்க, அப்புறம் முடிவு பண்றேன்” என்றும் எழுதியிருந்தீர்கள். முடிவு பண்ணிவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் ஒரு தங்கை வாழ்க்கை இதில் அடங்கியிருக்கிறதே என்று தோட்டத்துத் துரையிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார். ஊர் பார்க்க என்றேன். இத்தனை வருஷமாக இந்த மனிதனுக்கு ஊர் பார்க்க ஆசையே வந்ததில்லையே என்று அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்காத குறைதான். நம் ஊர்த் தங்கமுத்து, போன மாதம்தான் லீவு முடிந்து கப்பலில் திரும்பியவன், “கிராணியாரே, சிங்கப்பூரு பெரிய ஊரு. தனியாப் போய்த் தொலைஞ்சு போயிராதீக. நானும் வாரேன்” என்றான். ஒரு தோட்டத்தையே கட்டி மேய்க்கிற எனக்கு ஒரு ஊரைப் பார்க்கத் துணை வேண்டுமாம்! அவனை ரப்பர் மரத்தடியிலேயே நிற்க வைத்துவிட்டு, நான் ஒற்றை ஆளாகப் போனேன். போகும்போது, நான் கப்பலேறிய அன்று தாங்கள் கையில் கொடுத்தீர்களே, சாவியைத் திருப்புகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிங்’ என்று மணி அடிக்கிற அந்தப் பெரிய பூட்டு, அதையும் பெட்டியில் எடுத்துக்கொண்டேன். பிற ஊர்க்காரன் செய்த பூட்டை நம்பி அறையைப் பூட்டுகிற பழக்கம் திண்டுக்கல்லில் பிறந்த எவனுக்கும் கிடையாது.

மாப்பிள்ளை, சிங்கப்பூர் என்பது என்ன என்று கேட்டால், அவசரம். அதைத் தவிர அங்கே வேறு ஒன்றும் இல்லை. ரயிலை விட்டு இறங்கியவன் ஓடுகிறான், ஏற வந்தவன் ஓடுகிறான், எங்கேயும் போகாதவன்கூட மற்றவன் ஓடுகிறானே என்று கூட ஓடுகிறான். சிராங்கூன் ரோட்டுக்கு வழி கேட்டேன். ஒருவன் முகவாயை நீட்டிக் காட்டிவிட்டு நிற்காமல் போனான். நம் ஊரில் வழி கேட்டால் எந்த ஊர், யார் மகன், சாப்பிட்டாயா என்று விசாரித்துவிட்டு, தப்பான வழியையாவது பொறுமையாகச் சொல்வார்கள். பஸ் என்று ஒன்று விட்டிருக்கிறார்கள். தலையில் இரண்டு கம்பை நட்டு, மேலே கம்பியில் மாட்டி ஓட்டுகிறார்கள். வழியில் கம்பு கழன்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி மூங்கிலை வைத்து அதை மாட்டும் வரை இத்தனை அவசரக்காரர்களும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். வத்தலக்குண்டு பஸ்ஸில் இதெல்லாம் உண்டா? டயர் வெடிக்கும், அவ்வளவுதான். கடலையும் போய்ப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை கப்பலாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், தண்ணீரே தெரியவில்லை. தண்ணீர் தெரியாத கடலைப் பார்க்கவா அத்தனை தூரம் போவது? கட்டடங்களைப் பற்றி எழுத எதுவும் இல்லை, எல்லாம் உயரம். நம் மலைக்கோட்டையைப் பார்த்த கண்ணுக்கு அது ஒரு உயரமா?

தங்கியது அக்பர் அலி ராவுத்தர் விடுதியில். வத்தலக்குண்டுக்காரர், கீழே சாப்பாட்டுக் கடை, மேலே வாடகை அறைகள். என் பூட்டைப் பார்த்ததுமே, “ஏன்யா சுருளிவேலு, இம்புட்டுப் பெரிய பூட்டு எதுக்கு? பொட்டியில என்ன கோட்டை மாரியம்மன் நகையா வச்சிருக்கீரு?” என்றார். வேட்டி இரண்டும் சட்டை இரண்டும்தான் என்று சொல்ல மனம் வராமல் சிரித்து வைத்தேன். அவர் கடைச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதற்கே கூசுகிறது. குழம்பில் தேங்காயைக் கொட்டுகிறார்கள், தொட்டுக்கொள்ளும் வெஞ்சனத்தில் சர்க்கரை போடுகிறார்களோ என்று சந்தேகம், வாழைப்பழம் என்று மஞ்சளாக எதையோ வைக்கிறார்கள், சிறுமலைப் பழம் தின்ற நாக்கு அதை வாழைப்பழம் என்று ஒப்புக்கொள்ளாது. நான் மூன்று வேளையும் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக ராவுத்தர் ஊருக்கு எழுதினாலும் எழுதுவார். அவரே பக்கத்தில் நின்று போடச் சொல்லும்போது இலையை மூடுவது மரியாதை இல்லை என்பதற்காகத்தான்.

இனி தங்கள் பூட்டின் பெருமையைக் கேளுங்கள். முதல் நாள் வெளியே கிளம்பும்போது கதவைச் சாத்தி, நாதாங்கியில் பூட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பினேன். டிங், டிங், டிங் என்று மணி அடித்ததுதான் தாமதம், எதிர் அறைகளிலிருந்து சீனப் பிள்ளைகள் கையில் காசோடு ஓடி வந்து என்னைச் சுற்றிக்கொண்டன. அந்த ஊரில் ஐஸ் விற்கிறவன் இப்படித்தான் மணி அடித்துக்கொண்டு வருவானாம். நான் பூட்டைக் காட்டினேன். பிள்ளைகள் என் பின்னால் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தன. சின்னது ஒன்று அழவே ஆரம்பித்துவிட்டது. அதன் தாய் வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிள்ளை பிடிக்கிறவனைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். திரும்பி வந்து திறந்தேன், மறுபடி மணி, மறுபடி பிள்ளைகள். கடைசியில் தெருவுக்கு இறங்கி எல்லாருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்த பிறகுதான் அறைக்குள் போக முடிந்தது. எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். சிவப்பாக ஏதோ ஊற்றிய பனிக்கட்டி உருண்டை, வாயெல்லாம் சாயம். மறு நாளும் ஒன்று தின்றேன், முதல் நாள் தின்றது சரியில்லையோ என்று பார்ப்பதற்காக. திருடன் தொட்டால் ஊரே எழுந்து வரும் என்று தாங்கள் சொன்னது சத்தியம். திருடன்தான் வரவில்லை.

இரண்டாம் நாள் ஒரு போட்டோக் கடையில் படம் எடுத்துக்கொண்டேன். பின்னால் திரைச்சீலையில் அரண்மனை, பக்கத்தில் சிங்கமுகம் வைத்த நாற்காலி. கடைக்காரர் நம் தமிழர்தான். என்னை நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, ஒரு கையை அதன் மேல் போடச் சொன்னார். “வீட்டு அம்மாவை உள்ள வரச் சொல்லுங்க, உக்காரட்டும்” என்றார். வரவில்லை, ஊரில் இருக்கிறாள் என்றேன். “அப்ப நாற்காலியை எடுத்துரவா?” என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை, அந்த மூன்று நாளும் நான் எத்தனையோ பார்த்தேன், ஆனால் “அங்க பாரு” என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியே விட்டேன், பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் பயந்துபோய் மேலே பார்த்தார். இதற்குமேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலையில்தான் மானம் போனது. சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வது நம் வீட்டுப் பழக்கம். சிங்கப்பூரில் கால்சட்டைக்காரர்கள் பத்துப் பேர் நடுவில் இடுப்பைத் தடவிக்கொண்டு நிற்பதா என்று, அந்த ஊருக்காக அந்தப் பழக்கத்தை விட்டேன். குளிக்கும் இடம் வராந்தாக் கடைசியில். அறையைப் பூட்டி, பிள்ளைகளிடம் கையை விரித்துக் காட்டிவிட்டு, சாவியைச் சோப்பு டப்பாவில் வைத்துக்கொண்டு துண்டோடு போனேன். சோப்பை எடுத்தேன், சாவி வழுக்கியது, தரையில் ஒரு தரம் தாளம் போட்டது, நேராகச் சாக்கடை ஓட்டைக்குள் போனது. இடுப்பில் ஈரத்துண்டு, கையில் சோப்பு டப்பா, எதிரே தங்கள் பூட்டு. ராவுத்தர் ஓடி வந்தார். “நான் அன்னிக்கே சொன்னேன்ல? இப்ப ஆளை வெளிய வச்சுப் பூட்டிருச்சு பாத்தீரா!” என்று சொல்லிவிட்டு, தம் கைலி ஒன்றைக் கொடுத்து, பூட்டுக் கடைச் சீனரை வரவழைத்தார். அவர் ஒரு கட்டுச் சாவியோடு வந்தார். ஒன்றும் நுழையவில்லை. கம்பியை வளைத்து விட்டார். உள்ளே எதையோ தொட்டு ஒரு மணி மட்டும் அடித்தது, உடனே பிள்ளைகள் வந்துவிட்டன. சுத்தியலால் தட்டினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு பூட்டைக் கையில் தாங்கி, வைரத்தைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் வரை இதே கூத்து. கடைசியில் பூட்டைத் திறக்க வக்கில்லாமல், கீலைக் கழற்றிக் கதவையே பெயர்த்தார்கள். கதவு போய்ச் சுவரில் சாய்ந்தது, நாதாங்கியோடு அறுத்தெடுத்த பூட்டு பூட்டியபடியே கிடந்தது. ஒரு பூட்டைத் திறக்கத் தெரியாதவர்களுக்கு இத்தனை மாடிக் கட்டடம் எதற்கு என்று கேட்கிறேன்.

ஆகவே மாப்பிள்ளை அவர்களே, உள்ளது இதுதான். தண்ணீர் தெரியாத கடல், கம்பு கழலும் பஸ், தேங்காய்க் குழம்பு, வாயைச் சாயமாக்கும் ஐஸ், பூட்டு விஷயத்தில் அரிச்சுவடியே தெரியாத ஜனங்கள். இப்படிப்பட்ட ஊருக்கு வருவதற்காகப் பட்டறையை விற்பது புத்தியுள்ளவன் செய்கிற காரியம் அல்ல. கப்பல் எண்ணத்தைக் கைவிட்டு, உலையை ஊதிக்கொண்டு, குடும்பத்தோடு சந்தோஷமாக இருங்கள். பிள்ளைகள் கல்வியும் ஆயுளும் பெற்று வளரட்டும், தங்கை மஞ்சள் குங்குமத்தோடு நிறைந்திருக்கட்டும், தங்கள் பூட்டுகளைத் திருடர்கள் சபித்துக்கொண்டே இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்,
சுருளிவேல்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் பொன்னழகுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியிருப்பீர்கள். நல்லது. அது அவள் கேட்டு எழுதியதுதான். “எங்க அண்ணனை அந்த ஊரு நல்லால்லைன்னு எழுதச் சொல்லுங்க. நான் சொன்னா எங்க வீட்டுக்காரரு கேக்க மாட்டாரு” என்று தங்கமுத்துவிடம் அழுதுகொண்டே சொல்லி அனுப்பியிருந்தாள். தங்கை சொல்லைத் தட்டவில்லை. அவளை இதற்காகத் திட்டினால் எனக்குக் கோபம் வரும். இனி உண்மை.

அந்தச் சீனர் தங்கள் பூட்டை என்னிடம் கெஞ்சி வாங்கித் தம் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். போகிற வருகிறவர்கள் எல்லாம் கம்பியும் ஊசியுமாக அதைத் திறக்கப் பார்த்துவிட்டுப் போகிறார்களாம், இன்னும் பூட்டியே இருக்கிறது. இதைச் செய்த கையைக் கூட்டி வா, கடையில் பாதி இடம் தருகிறேன் என்கிறார். ராவுத்தர், “வரச் சொல்லும்யா. பர்மிட்டுக்கு நான் கையெழுத்துப் போடுறேன். ரூமுக்கு ஒரு பூட்டு வேணும், மணி மட்டும் வேணாம்” என்கிறார். கதவைப் பெயர்த்த அறைக்குப் புதுக் கதவு போட்டாகிவிட்டது. பக்கத்து அறையும் சேர்த்தால் ஒரு குடும்பம் தாராளமாக இருக்கலாம், நானே உள்ளே நடந்து பார்த்தேன். பட்டறையை விற்க வேண்டாம், தங்கள் தம்பியிடம் விட்டு வாருங்கள். பொன்னழகு பயப்படுவது சிங்கப்பூருக்கு அல்ல மாப்பிள்ளை. ஒரு வருஷத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறிய அண்ணன் ஒருவன் இன்னும் திரும்பாததை அவள் தினமும் பழனியம்மாள் முகத்தில் பார்க்கிறாள். ஆகவே அவளையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். பழனியம்மாளையும் கூட்டி வாருங்கள். இத்துடன் வைத்திருக்கும் போட்டோவை அவளிடம் காட்ட வேண்டாம், வந்தபின் வேறு எடுத்துக்கொள்கிறோம், அந்த நாற்காலி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

தங்களிடம் இருக்கும் மாற்றுச் சாவியை மறக்காமல் கொண்டுவரவும். தனியாகத்தான் வருவேன் என்றால், சாவியை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டுத் தாங்கள் ஊரிலேயே இருக்கவும்.