ஒதீலின் வாழ்க்கை வரலாறு

பாண்டிச்சேரியில் பிறந்தவனுக்கு ஃபிரெஞ்சு தெரிந்தே இருக்கும் என்று உலகமே நம்புகிறது. நான் பள்ளியில் மதிப்பெண்ணுக்காக ஃபிரெஞ்சு எடுத்தவன். பாடம் மனப்பாடமாக வரும், பேச்சு வராது.

தொண்ணூறுகளின் நடுவில் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் குடியிருந்தோம். பக்கத்து வீட்டில் மதாம் லூசி, வயதான பாரிஸ்காரர். அந்தக் குளிர்காலத்தில்தான் கணவரை இழந்திருந்தார். கணவர் ஒருகாலத்தில் பாரிஸில் ஓவியப் பத்திரிகை நடத்தியவர். பழைய இதழ்கள் கராஜில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. மதாம் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டும். இதழ்களை ஊர் நூலகம் எடுத்துக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் குப்பை வண்டிதான். பத்திரிகையின் வரலாற்றைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறோம் என்றது நூலகக் குழு. மதாமுக்கு ஆங்கிலம் புரியும். நாலு பேர் முன்னால் பேச வராது.

"அவங்க ஃபிரெஞ்சுல பேசுவாங்க, நீங்க இங்கிலீஷ்ல சொல்லணும். ப்ராமிஸ் பண்ணிட்டேன்" என்றாள் என் மனைவி செல்வி.

"எனக்கு ஃபிரெஞ்சு அவ்வளவா..."

"பொண்ணு பாக்க வந்தப்போ எங்கப்பாகிட்ட சரளமா பேசுவேன்னு சொன்னீங்களே?"

(சொல்லியிருந்தேன். பொண்ணு பாக்கப் போன இடத்துல எவன்தான் அளக்கல?)

கோட்டு, டையுடன் நூலகக் கூட்டத்தில் மதாம் பக்கத்தில் போய் நின்றேன். மதாம் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். "ஒதீல் ஒரு வாடகை அறையில் பிறந்தாள்."

ஒதீல் என்பது பத்திரிகையின் பெயர். ஃபிரெஞ்சில் பத்திரிகை பெண்பால். இது இரண்டும் அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தவனில்லை. கணவரின் முதல் மனைவியாக்கும், குடும்பக் கதையிலிருந்து தொடங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். மிகுந்த உருக்கத்துடன் மொழிபெயர்த்தேன். ஓவியர்கள் எல்லோரும் அவள்மேல் உயிராக இருந்தார்கள். மாதாமாதம் அவளுக்காகக் காத்திருந்தார்கள். பலரிடம் கைமாறினாள். போரின்போது இறந்தாள். முன்வரிசை அம்மாள் ஒருவர் கண்ணைத் துடைத்தார். போர் முடிந்ததும் மதாமின் கணவர் அவளுக்கு மறுபடி உயிர் கொடுத்தார். (இங்க எனக்கே இடிச்சுது. ஆனா நிறுத்த தைரியம் வரல.)

"எப்படி இறந்தாள்?" என்று கேட்டார் கண் துடைத்த அம்மாள்.

மதாமிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். "காகிதம் கிடைக்காமல்."

சபை விழித்தது. குழுத் தலைவர் எழுந்து, மாதிரிக்காகக் கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து ஓர் இதழை எடுத்து எல்லோருக்கும் காட்டினார். அட்டை முழுக்க ஒரே சொல்: ஒதீல். பின்வரிசையில் யாரோ சிரிக்க, அரங்கமே சிரித்தது. கெடுத்துவிட்டேன், எல்லாம் குப்பைக்குத்தான் போகப்போகிறது என்று நினைத்தேன்.

மதாம் கையை உயர்த்தினார். முதல்முறையாக ஆங்கிலத்தில், தட்டுத் தடுமாறிப் பேசினார். "இவர் சொன்னது தப்பில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. சாப்பாட்டு மேஜையில் என் கணவர் அவளைப் பற்றித்தான் பேசுவார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது. அவளை வெளியே எறிந்துவிடாதீர்கள்."

அதன்பின் யாரும் சிரிக்கவில்லை. இதழ்கள் அத்தனையையும் நூலகம் எடுத்துக்கொண்டது.

இன்றும் வீட்டு பிரிண்டரில் காகிதம் தீர்ந்தால் என் மகள் மாடியிலிருந்து கத்துவாள்: "அப்பா, ஒதீல் டைட் அகெய்ன்!" மறுபடி செத்துவிட்டாளாம். செல்வி விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் கொஞ்சம் அவசரமாகவே போய்க் காகிதம் வைத்துவிட்டு வருவேன்.