விச்சு சாரை வழியனுப்பிய தேங்காய்

ஆபீஸை விட்டுப் போகிறவர்களுக்கு எதற்கு மாலை போடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. இருக்கிறவரை "இந்த ஆள் எப்போது தொலைவான்" என்று முணுமுணுத்தவர்கள்தான் முதல் ஆளாக மாலையோடு நிற்பார்கள். எனக்கு அந்தப் பொய் வராது. அதனால் நான் வேறு மாதிரி வழியனுப்புவேன். (ஏதோ பெரிய கொள்கை போலச் சொல்கிறேனே தவிர, எனக்குக் கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.)

அறுபதுகளில் பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியின் டெஸ்பாட்ச் செக்ஷனில் வேலை பார்த்தேன். கவர் ஒட்டுவது, பார்சலுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பது, இதுதான் வேலை. யாராவது மாற்றலாகிப் போனால் ஒரு குறும்பு செய்து அனுப்புவது, யாரும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்ட வேலை. அக்கவுண்டன்ட் குல்கர்னி போன அன்று, காகிதத்தில் ஓட்டை போடும் மெஷினிலிருந்து விழும் பொட்டுகளையெல்லாம் சேர்த்து அவர் குடைக்குள் கொட்டி வைத்தேன். ஸ்டேஷன் வாசலில் மழைக்குக் குடையை விரித்தவர், அட்சதை போட்ட மாப்பிள்ளை மாதிரி நின்றார். டைப்பிஸ்ட் மேரி போன அன்று அவளுடைய கைக்குட்டைகளை ஒன்றோடொன்று தைத்துவிட்டேன். பிரிவு தாங்காமல் அழுத மேரி கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை இழுத்தாள், இழுத்தாள், அது வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், மேரியும்தான். நான் என்னை ஒரு மேதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து விச்சு சாருக்கு நாக்பூர் மாற்றல் வந்தது. விச்சு சார் என்கிற விசுவநாதன் எங்கள் சூப்பரின்டெண்டென்ட். மாட்டுங்காவில் எங்களுக்கு அடுத்த தெரு. தங்கமான மனிதர். எனக்கு ஒரு வரன் பார்த்துக் கொடுத்திருந்ததும் அவர்தான்.

அந்த வரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒரே குறைதான் சொன்னார்கள்: பெண் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். (ஒரு வீட்டு மாமா பஜ்ஜித் தட்டின் மேலேயே உட்கார்ந்தார். சிரிக்காமல் என்ன செய்வது?) இந்த வரன் காட்கோபர்க்காரர், விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். போட்டோவில் காது இரண்டும் கொஞ்சம் விறைப்பாக நின்றன. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அந்தக் காதுகளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டில் யாரும் இல்லாதபோது போட்டோவை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். இவரும் வேண்டாம் என்று போய்விட்டால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது.

விச்சு சார் ஊரைக் காலி செய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று, அவருடைய பிரிவுபசாரம் நடக்கிற அன்று சாயங்காலமே பெண் பார்க்க ஏற்பாடு ஆயிற்று.

"லீவு போட்டுட்டு ஆத்துல இருடி" என்றாள் அம்மா.

எப்படி இருப்பேன்? எனக்கு ஆபீஸில் தேங்காய் வேலை இருந்தது.

எங்கள் ஆபீஸில் போகிறவர் கையால் பீரோ மேலிருக்கும் பிள்ளையார் படத்துக்கு ஒரு தேங்காய் உடைப்பார்கள். அதை வாங்கி வருவது நான். தேங்காயின் குடுமியை விலக்கினால் மூன்று கண் தெரியும், அதில் ஒன்று மெத்தென்று இருக்கும். அதைக் குத்தித் தண்ணீரை வடித்து (நான்தான் குடித்தேன்) பிளாஸ்கில் கொண்டுபோயிருந்த அம்மாவின் காப்பியை, கழுவிய இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக உள்ளே இறக்கினேன். மேலே அரக்கை உருக்கி அடைத்து, குடுமியைச் சீவிவிட்டேன். பெற்றவளுக்கே வித்தியாசம் தெரியாது.

கூட்டம், பேச்சு, மாலை எல்லாம் முடிந்தது. விச்சு சார் தேங்காயைக் கையில் எடுத்தார். நான் முன் வரிசையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது புது மானேஜர், "இங்கே உடைக்காதீர்கள், தரைக்கு இப்போதுதான் லினோலியம் விரிப்பு போட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டார்.

"அதனால என்ன சார்" என்றார் விச்சு சார். என் பக்கம் திரும்பி, "ராஜி, சாயங்காலம் உங்காத்துக்கு வரச்சே இதையே கொண்டு வந்துடறேன். பிள்ளையாருக்கு உடைச்சுட்டு ஆரம்பிச்சா எல்லாம் நல்லபடியா முடியும்" என்றார்.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"சார், அது அவ்வளவு நல்ல தேங்காயாத் தெரியலை. நான் வேற வாங்கித் தரேனே..."

"அட அசடே! ஆபீஸ் குழந்தைகள் ஆசையாக் குடுத்தது. கடைத் தேங்காய் இதுக்கு ஈடாகுமா?" என்று பைக்குள் போட்டுக்கொண்டுவிட்டார்.

லோக்கல் ரயிலில் பையிலிருந்து தேங்காயை எடுத்துவிடலாம் என்றால் அவர் ஜென்ட்ஸ் கம்பார்ட்மென்டில், நான் லேடீஸில். நடுவில் பம்பாயே நின்றுகொண்டிருந்தது. மாட்டுங்காவில் இறங்கி ஓடி, மார்க்கெட்டில் அதே அளவில் ஒரு தேங்காய் வாங்கினேன். அவர் வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றிவிடுவது என்று திட்டம். வீட்டுக்குள் நுழைந்தேன்.

"நல்ல வேளை! சட்னிக்குத் தேங்காய் போறலைன்னு தவிச்சுண்டிருந்தேன்" என்று அம்மா அதைப் பிடுங்கிப் போய்ப் படாரென்று உடைத்தாள். என் திட்டம் சட்னியாயிற்று.

"இன்னிக்குப் பல்லைக் காட்டினியோ, தெரியும் சேதி!" என்று தலையைப் பின்னி, பூவை வைத்துத் தள்ளிவிட்டாள்.

பிள்ளை வீட்டிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பையன், அவருடைய பெரியப்பா, அம்மா. அப்பா சில வருஷங்களுக்கு முன்னால் தவறிவிட்டார். அந்த அம்மாள் கதவோரமாகத் தள்ளி உட்கார்ந்துகொண்டார். சிரித்தால் அபராதம் என்று யாரோ சொல்லி அனுப்பியது போல ஒரு முகம்.

விச்சு சார் வந்தார். தேங்காயும் வந்தது.

"அப்பா, அதை அப்புறமா உடைச்சுக்கலாமே..." என்று நான் வாயைத் திறக்க, அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினாள். தண்ணீர் வீணாகக் கூடாது என்று அப்பா வெள்ளி டம்ளரைக் கீழே வைத்துக்கொண்டு, அரிவாளின் பின்பக்கத்தால் ஒரு போடு போட்டார்.

பாதி டம்ளரிலும் பாதி அப்பாவின் வெள்ளை வேஷ்டியிலும் பழுப்பாகக் கொட்டியது.



"என்ன ஓய் இது, அழுகலா? ஆரம்பமே அபசகுனமா இருக்கே!" என்றார் பெரியப்பா.

அப்பா டம்ளரை மூக்கருகில் கொண்டுபோனார். முகம் இன்னும் குழம்பியது. "காப்பி வாசனைன்னா வரது!"

அம்மா என் பின்னாலிருந்து பாய்ந்து வந்து, விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள். "இது நம்மாத்து டிகாக்ஷன்னா! சிக்கரியே கலக்காம நான் காலம்பற போட்டது!" என்று பெருமையாகச் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அந்த டிகாக்ஷன் யாருடைய பிளாஸ்கில் போயிற்று என்பது ஞாபகம் வந்து, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் சிரித்துவிட்டேன். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பா? வாயைப் பொத்தினால் மூக்கு வழியாக வந்தது. தலையில் வைத்த பூ உதிர்ந்தது. அப்போது விச்சு சாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் வார்த்தையை நம்பித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். மனிதர் கையைப் பிசைந்துகொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றார். என் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவ்வளவு வெட்கம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

கதவோரத்திலிருந்து அந்த அம்மாள் கேட்டார்: "நீ பண்ணினதா?"

"ஆமாம் மாமி. சார் நாக்பூர் போறாரேன்னு..."

"ஆபீஸை விட்டுக் கிளம்பறவாளுக்கெல்லாம் இப்படித்தான் பண்ணுவியா?"

"ஆமாம் மாமி."

அவர் எழுந்து புடவையை உதறிக்கொண்டார். "நாங்களும் இப்போ கிளம்பப் போறோம். எங்களுக்கு என்ன பண்ணி வச்சிருக்கே?"

பஜ்ஜி பாதியில் நின்றது. வாசலில் பெரியப்பா செருப்பைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காலில் மாட்டினார். பையனுடைய காதுகள் செக்கச்செவேலென்று இருந்தன. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

மறுநாள் விச்சு சாரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். கைப்பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே, "போயிட்டு வரேம்மா. நீ கொஞ்சம் தள்ளியே நில்லு" என்றார்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். சில நாள் கழித்துப் பெரியப்பா வந்து, "பெண்ணைப் பிடிச்சிருக்காம், மேற்கொண்டு பேசலாம்" என்றார். அப்பா நம்பவில்லை. "எந்தப் பெண்ணை?" என்று கேட்டார்.

கல்யாணம் நடந்தது. ஏன் சம்மதித்தீர்கள் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டதற்கு, "எனக்குச் சிரிப்பை அடக்க முடியாம காதே சிவந்துடுத்து. ஆனா சரின்னு சொன்னது அம்மாதான். ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா" என்றார். மாமியாரோ என்னிடம் ஒருநாளும் சிரித்ததில்லை. நானும் காட்கோபர் வீட்டில் பரம சாதுவாக நடமாடினேன். (எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும்.)

கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒரு ராத்திரி அம்மா வீட்டில் தங்கக் கிளம்பினோம். பையை அவர் தூக்கி வந்தார். ஸ்டேஷன் பாலத்தில் தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தார், புது மாப்பிள்ளை என்பதால் ஒன்றும் சொல்லவில்லை. மாட்டுங்காவில் அம்மா பையைத் திறந்தாள். உள்ளே, என் புடவைகளுக்கு அடியில், துண்டில் சுற்றிய அம்மிக் குழவி.

"ஏண்டி, மாமியாரோட சண்டையா? குழவியை எடுத்துண்டு வந்துட்டியே!" என்று அம்மா பதறினாள்.

அவர் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அப்புறம் சொன்னார்: "அப்பா டூர் கிளம்பும்போதெல்லாம் அம்மா இப்படித்தான் பெட்டியில ஏதாவது வச்சு அனுப்புவா. அப்பா போனப்புறம் யாருக்கும் பண்ணினதே இல்லை."

மறுநாள் காட்கோபருக்குத் திரும்பினோம். மாமியார் வாசலில் கடுகடுவென்று நின்றிருந்தார். "நேத்திலேர்ந்து குழவியைக் காணும். சட்னிகூட அரைக்கலை. உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன் நான்.

அவர் சிரித்து அன்றுதான் முதலில் பார்த்தேன். பக்கத்து வீட்டுக் குஜராத்தி மாமி என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஊருக்குக் கிளம்பினால் முதலில் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போவார்கள். கனம் இல்லாவிட்டால்தான் வாசலில் நின்று, "ஏம்மா, என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்பார்கள்.