லத்தீன் மறித்த கரி பஸ்

திருத்தணிக்கென்று ஆண்டவன் அளந்து கொடுத்த கோபத்தில் முக்கால் பங்கை எங்கள் 'லத்தீன்' ஒருவரே எடுத்துக்கொண்டார். மிச்சம் எனக்கு. பாதிரியாருக்குப் படிக்கப் போய், அங்கே சண்டை போட்டுத் திரும்பி, ரிஜிஸ்தர் ஆபீஸில் என் பக்கத்து மேஜைக்குக் குமாஸ்தாவாக வந்தவர். காபி ஆறியிருந்தால் லத்தீனில் திட்டுவார். கடைக்காரர் ஏதோ மந்திரம் என்று கும்பிடுவார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது, பஸ் கரியில் ஓடியது. பள்ளிப்பட்டிலிருந்து நாங்கள் இருவரும் திரும்பும்போது வழியெல்லாம் என் உயிரை வாங்கினார்.

"பஸ்ஸுன்னா இன்னா தெரியுமா? ஓம்னிபுஸ்! லத்தீன்ல 'எல்லாருக்கும்'னு அர்த்தம். நாலாம் வேற்றுமை. வெள்ளக்காரன் தலைய வெட்டிட்டு வால மட்டும் வச்சிக்கினான். நாம ஏறிக்கினு போறது வெறும் 'க்கும்'!"

ஓரிடத்தில் ஆள் இறங்க பஸ் நின்றது. காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு சேரிப் பெண்ணும் அவள் புருஷனும் ஓடி வந்தார்கள். திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமாம்.

"உங்களுக்கெல்லாம் எடமில்ல, போ போ," என்றான் கண்டக்டர். பின்னால் சீட் காலி. உள்ளே இருந்த பெரிய மனிதர்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். கட்டையில் போகிறவர்கள்!

அந்த நேரம் பார்த்து பஸ் இருமிவிட்டு அணைந்துபோயிற்று. கண்டக்டர் அதே புருஷனைக் கூப்பிட்டான்: "டேய், வந்து தள்ளுடா!" அந்த மனுஷனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தே விட்டான்.

லத்தீன் கீழே குதித்தார். வண்டியை முடுக்கும் இரும்புக் கைப்பிடியை டிரைவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, பஸ்ஸுக்கு முன்னால் நடுரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"தள்றதுக்கு அவன் வேணும், ஏர்றதுக்கு வேணாமா? த்தூ! அவங்க ஏறினாத்தான் எழுந்திருப்பேன், இதயும் குடுப்பேன்!"

"சாமி, க்கும்மோ கிக்கும்மோ, குடுத்துடு சாமி. நேரமாவுது," என்று கண்டக்டர் கெஞ்சினான்.

"செத்தாலும் மாட்டேன்!"

பஸ்ஸில் எல்லாரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், அவர்களைப் பார்த்து.

கடைசியில் கண்டக்டர், "ஏறித் தொலைங்க," என்றான். மூவரையும் எங்கள் சீட்டில் உட்காரவைத்து, என்னைத் துணைக்கு விட்டு, பெரிய மனிதர்களை இறக்கித் தள்ளவைத்தார் லத்தீன். வண்டி பிடித்துக்கொண்டதும் அவர்கள் ஓடி ஏறிவிட்டார்கள். அவர்களைத் திட்டிக்கொண்டிருந்ததில் இவர் மட்டும் கோட்டைவிட்டார். நிறுத்தினால் மறுபடி படுத்துவிடும் என்று டிரைவர் பாவி நிறுத்தவேயில்லை.

பொழுது சாய, ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தே வந்து சேர்ந்தார், முகமெல்லாம் கரியும் புழுதியுமாக. வசவு வரும் என்று காதைப் பொத்தப் போனேன்.

"கொழந்த எப்டிக்கீது?"

"காச்சல் எறங்கிடுச்சி. கஞ்சி குடிச்சிது."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கால் வீங்கியிருந்தது. அந்தச் சிடுமூஞ்சியின் கால்களை எடுத்து என் மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன். அதற்கும் திட்டினார். நான் பிடித்துக்கொண்டே இருந்தேன்.