கல்லைச் சுற்றியவர்கள்

“பொழுது உழுகறதுக்குள்ள உச்சிக்குப் போயிரோணும். வெரசா வா,” என்றான் மருதாசலம், திரும்பிப் பார்க்காமல். பின்னால் தெய்வநாயகி மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளை டூரிங் டாக்கீசுக்குக்கூட அழைத்துப் போகாதவன், மலைமேலிருந்து சூரியன் மறைவதைக் காட்டுகிறேன் என்று சொன்னால் எந்தப் பெண்டாட்டியும் ஏன் என்று கேட்பாள். இவள் கேட்கவில்லை. அது அவனுக்குச் சற்று உறுத்தியது.

உச்சியில் சூரியனைத் தவிர ஒரு கல்லும் இருந்தது. பிள்ளையில்லாத பெண்கள் சுற்றும் கல். அதற்கும் பள்ளத்துக்கும் நடுவே பாதம் வைக்க மட்டும் இடம். பரணிலிருந்து அண்டா எடுக்க ஏணியில் ஏறினாலே தெய்வநாயகிக்குத் தலை கிறுகிறுக்கும். மருதாசலம் நம்பியிருந்தது அந்தக் கிறுகிறுப்பைத்தான். மல்லசமுத்திரத்துக் கண்ணுசாமி தன் மகளை அவனுக்கு இரண்டாந்தாரமாகத் தரத் தயார். ஆனால் மூத்தவளே நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்கிறார். மூத்தவள் வாயைத் திறப்பதாக இல்லை.

கல்லுக்குப் பூசை செய்யும் பூசாரியைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு விஷயத்தைப் போட்டு உடைத்தான். கல்லைச் சுற்றினால் இன்னும் ஒரு வருஷம் பொறுப்பான். முடியாதென்றால் நாளைக்கே அவள் மல்லசமுத்திரம் வர வேண்டும்.

அவள் சேலையை வரிந்து கட்டினாள். கல்லைக் கட்டிப்பிடித்தபடி பின்பக்கம் மறைந்தாள். சரளை உருண்டு விழும் சத்தம் கேட்டது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் எந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டியிருந்தான் என்பதை மருதாசலம் பிறகு யாரிடமும் சொன்னதில்லை.

மறுபக்கமாக வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

“இப்ப நீங்க சுத்துங்க.”

“நானெதுக்கு?”

“மொறை ரெண்டு பேருக்குந்தாஞ் சாமி,” என்றார் பூசாரி. “ஆனா ஆம்பளைங்க ஆரும் இதுவரைக்கும் சுத்துனதில்லீங்க.”

மாட்டேனென்றால் குறை யாருடையது என்று பூசாரி அடிவாரம் முழுக்கச் சொல்லிவிடுவார். மருதாசலம் வேட்டியை மடித்துக் கட்டினான். பாதிவரை போனான். அங்கே ஒரு தரம் கீழே பார்த்தான். பனைமரங்கள் ஈர்க்குச்சி போல் நின்றன. அதன்பிறகு கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணை இறுக்கி மூடிக் கல்லில் பல்லி போல ஒட்டிக்கொண்டான். முதுகில் வெயில் தணிந்துகொண்டே வந்தது.

“ஏனுங்க, பொழுது உழுகறது நல்லாத் தெரியுதுங்களா?” கல்லுக்கு அப்பாலிருந்து தெய்வநாயகி கேட்டாள்.

“கையக் குடு, நாயகி.”

“குடுக்கறனுங்க. மல்லசமுத்திரம்?”

“போவல.”

“அடுத்த வருஷம்?”

“எப்பவும் போவல.”

“பூசாரிக்குக் காதுல உழுவலயாம்.”

“போவலீங்க,” என்றான் மருதாசலம். பெண்டாட்டிக்கு அவன் மரியாதை வைத்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகே கை நீண்டது.

இருட்டில் மூவரும் இறங்கினார்கள். பூசாரிக்குத் தேவையில்லாமல் இருமல் வந்துகொண்டிருந்தது. ஒரு படியில் தெய்வநாயகி கொஞ்சம் பின்தங்கி, விரலில் எச்சில் தொட்டு, தோல் உரிந்த முழங்கையைத் துடைத்துக்கொண்டாள்.